கொழும்பில் எழுதப்பட்ட இரண்டாம் பாகம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற தவணையில் ஒரு நாள் தரம் 10 வகுப்பில் விஜயபா கொள்ளை படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1521இல் மூன்று மகன்மார் சேர்ந்து தகப்பனைக் கொல்வித்து, கோட்டை இராச்சியத்தைப் பங்குபோட்ட கதை. எந்தச் சினிமாவுக்கும் குறைந்ததல்ல. ஆனாலும் பின் வாங்கில் இருந்த ஒரு பொடியன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தான். நாம் சொல்வதைத்தான் எழுதுகிறானோ என்று சந்தோஷத்தோடு கிட்டப் போனோம். இல்லை. "2.0" படத்துக்கு அடுத்த பாகம் எழுதிக்கொண்டிருந்தான்.

கொப்பியை எடுத்தோம். "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தத் தவணை முடியும்வரை எமது பாடத்தில் அவன் வாய் திறந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முன்பெல்லாம் "மறுகா என்ன நடந்த சேர்?" என்று முதலில் கேட்பவன் அவன்தான்.

கொப்பி எமது மேசை லாச்சியில் கிடந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு இரவு இஷாவுக்குப் பிறகு புரட்டினோம். கதையில் சிட்டி ரோபோ கல்லடிப் பாலத்தில் நிற்கிறது. வாவியில் பௌர்ணமி இரவில் கேட்கும் மீன் பாட்டு உண்மையில் மீன் பாடுவது அல்ல, வேறொரு கிரகத்திலிருந்து யாரோ அனுப்பும் சமிக்ஞையாம். ஐம்பதுகளில் ஒரு யேசு சபைத் துறவி அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியும். அந்த ஒலிப்பதிவைத்தான் சிட்டி தேடிவருகிறது. எழுத்துப் பிழை நிறைய. ஆனால் நாம் கடைசிப் பக்கம் வரை வாசித்தோம்.

கொப்பியின் பின்பக்கத்தில் வேறொரு சங்கதி. ஏழெட்டுப் பெயர்கள்: இருள்வேந்தன், நீர்மகள், ஈட்டிக்காரன் என்று. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர்களுடைய பலம், பலவீனம், ஆயுதம். விசாரித்தபோது தெரிந்தது, பிள்ளைகள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் சொந்தப் பெயரில் கதைப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். "நான் கோட்டை மதிலில் ஏறுகிறேன்" என்று ஒருவர் எழுதுவார். "நான் மேலேயிருந்து எண்ணெய் ஊற்றுகிறேன்" என்று மற்றவர் எழுதுவார். கதை அப்படியே நாட்கணக்கில் போகும்.

இந்தக் குழுவைப் பற்றித்தான் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. பிள்ளைகள் யாரோடு கதைக்கிறார்கள் என்று தெரியவில்லை, படிப்புக் கெடுகிறது, குழுவை மூட வேண்டும் என்றார்கள். நாமும் கை உயர்த்தினோம். முதலில் உயர்ந்த கை எமதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொப்பியை வாசித்தது அதற்குப் பிறகு.

வாசித்து முடித்த இரவில் ஒரு பழைய புத்தகம் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சிக்கு இருந்த காலத்தில், அட்டை கிழிந்த ஒரு ஆங்கில நாவல் கையில் கிடைத்தது. ஆர்தர் சி. கிளார்க் எழுதிய "2010: ஒடிஸி டூ". எமது ஆங்கிலம் அப்போது மெதுவாகத்தான் நகரும். கதையை விட எம்மைப் பிடித்து நிறுத்தியது பின்னால் இருந்த நன்றிக் குறிப்பு. இந்தப் புத்தகம் ஒரு மைக்ரோ கணினியில் எழுதப்பட்டு, ஐந்து அங்குல டிஸ்கட் ஒன்றில் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டது, கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின என்று அதில் இருந்தது. 1982ஆம் ஆண்டின் விஷயம் இது. பாதுக்கை என்றால் எங்கோ அமெரிக்காவில் இல்லை, அவிசாவளைப் பக்கம் போகும்போது வரும் நம் நாட்டு ஊர்.

கிளார்க் இங்கிலாந்துக்காரர். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்புத் துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்கினார். 1956இல் திரும்பி வந்து இங்கேயே தங்கிவிட்டார். காரணம் கடல். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்பதை மனிதன் உணரக்கூடிய ஒரே இடம் தண்ணீருக்கடியில்தான் என்று அவர் நினைத்தார். நம் கிழக்குக் கடலிலும் மூழ்கினார். நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்குத் தூண்களைக் கடலடியில் கண்டு எழுதினார். அதே வில்சன் 1961இல் தெற்கே கிரேட் பாஸஸ் பாறையருகில் வெள்ளி நாணய மூட்டைகளைக் கண்டெடுத்தார். சூரத்தில் அடிக்கப்பட்ட, ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். ஹிஜ்ரி 1113 என்று பாரசீக எழுத்தில் பொறித்திருந்தது. இலங்கைக் கடலில் மூழ்கிய அந்தக் கப்பலைப் பற்றி நம் பிள்ளைகள் எந்தப் பாடத்திலும் படிப்பதில்லை. சரி, அது வேறு பதிவுக்கு.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து கிளார்க் உருவாக்கிய "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" படம் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. நாவலும் அதே ஆண்டில். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாவலில் விண்கலம் சனிக் கிரகத்துக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. பதினான்கு வருடம் கழித்து இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தபோது கிளார்க் எதைத் தொடர்ந்தார் தெரியுமா? தன் நாவலை அல்ல, படத்தை. 1979இல் இரண்டு வொயேஜர் விண்கலங்கள் வியாழனைக் கடந்துபோய், அயோ என்ற நிலவில் எரிமலை வெடிப்பதையும், யுரோப்பா என்ற நிலவு முழுவதும் பனி மூடிக் கிடப்பதையும் படம் பிடித்து அனுப்பியிருந்தன. புதுத் தகவல் வந்துவிட்டது, பழைய பாகம் அதற்கு ஒத்துவரவில்லை, ஆகவே பழையதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். பிறகு 1987இல் "2061", 1997இல் "3001" எழுதியபோதும் முன்னுக்குப்பின் முரண் வந்தது. இவை ஒன்றையொன்று நேராகத் தொடரும் பாகங்கள் அல்ல, ஒரே கருவின் வேறு வேறு வடிவங்கள் என்றார் மனிதர். படம் பார்த்துவிட்டு "முதல் பாகத்தில இப்படி இல்லையே" என்று சண்டை பிடிக்கும் எமது மாணவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா தெரியாது.

நாம் சொல்ல வந்தது இனித்தான் வருகிறது. அந்த இரண்டாம் பாகத்தைப் படமாக எடுக்க பீட்டர் ஹையம்ஸ் என்ற இயக்குநர் முன்வந்தார். அவர் இருந்தது லொஸ் ஏஞ்சல்ஸில். கதாசிரியர் இருந்தது கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில். தபால் போய்வர வாரக்கணக்கு, தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினால் சொத்தே போய்விடும். இரண்டு பேரும் கேப்ரோ என்ற கணினியை வாங்கினார்கள். பெட்டி போல மூடித் தூக்கிக்கொண்டு போகலாம், சிறிய பச்சைத் திரை. அதைத் தொலைபேசிக் கம்பியோடு மோடம் மூலம் இணைத்து, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். இரு ஊர்களுக்கும் பன்னிரண்டரை, பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். ஒருவர் தூங்கப் போகும் முன் கேள்வி எழுதி வைப்பார், மற்றவர் விடிய எழும்பிப் பதில் எழுதுவார். விண்கலம் எப்படி இருக்க வேண்டும், எந்தக் காட்சியை வெட்டலாம், குப்ரிக் என்ன நினைப்பார் என்று மாதக்கணக்கில் போனது. பின்னர் "தி ஒடிஸி ஃபைல்" என்ற பெயரில் அந்தக் கடிதங்கள் புத்தகமாகவே வந்தன.

யோசித்துப் பாருங்கள். ஒரு விஞ்ஞானப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி இரண்டு பேர், உலகத்தின் இரு பக்கங்களில் இருந்துகொண்டு, கணினியில் எழுதி எழுதிக் கதைக்கிறார்கள். இன்று நம் பிள்ளைகள் படுக்கையில் புரண்டுகொண்டு செய்வது இதைத்தான். இலங்கையில் தொலைக்காட்சியே 1979இல் தான் வந்தது. அதற்கும் முன்னர், 1975இல் இந்தியா செய்மதி மூலம் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பியபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய டிஷ் அன்டெனா பூட்டிக் கொடுத்திருந்தார்கள். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் ஒரு சஞ்சிகையில் எழுதிக்காட்டியவர் அவர். அதற்கான மரியாதை அது.

அந்தக் கடிதங்கள் போகத் தொடங்கியது 1983இன் பிற்பகுதி.

அந்த வருடத்தைச் சொன்னதும் நம் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. வாகனத்தை மறித்துப் பெயர் கேட்டார்கள். பெயரைச் சொன்ன விதத்திலேயே உயிர் போனது, அல்லது தப்பியது. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களை எங்கே கொண்டுவந்தார்கள்? நம் மட்டக்களப்புச் சிறைக்கு. 1983 செப்டெம்பர் 23 இரவு அந்தச் சிறை உடைந்தது. அமிர்தகழியிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அந்த இரவில் மாமாங்கப் பக்கம் விளக்கணைத்து இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தப் பதிவை வாசிக்கக்கூடும். ஒரே நாடு, ஒரே வருடம். ஒரு வீட்டிலிருந்து வியாழன் கிரகத்தைப் பற்றி லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கடிதம் போகிறது. அதே ஊரில் சில தெருக்கள் தள்ளி வீடுகள் இன்னும் கரியாக நிற்கின்றன. எமக்கு வரலாறு படிப்பித்த யாரும் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டியதில்லை. தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே பொய் போலத் தெரியும்.

கதைக்குள்ளும் பெயர்ப் பிரச்சினை இருந்தது. "2010"இல் அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் ஒரே கலத்தில் போகிறார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். கலத்தின் பெயர் லியோனொவ், விண்வெளியில் முதலில் நடந்த ரஷ்யரின் பெயர். புத்தகத்தை அவருக்கும், அப்போது நாட்டுக்குள்ளேயே தூரத்து ஊர் ஒன்றில் அடைத்து வைக்கப்பட்டிருந்த விஞ்ஞானி சாகரோவுக்கும் கிளார்க் சமர்ப்பித்தார். ரஷ்யக் குழுவினருக்கு ஒர்லோவ், கோவலெவ், பிரைலோவ்ஸ்கி என்றெல்லாம் பெயர் வைத்தார். பார்க்கச் சாதாரணப் பெயர்கள். 1984இல் ஒரு சோவியத் சஞ்சிகை நாவலைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. இரண்டு இதழ் வந்த பிறகுதான் மேலிடத்துக்கு விளங்கியது, அத்தனையும் அரசை எதிர்த்துத் தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பப் பெயர்கள் என்று. தொடர் நின்றது. ஆசிரியருக்கு வேலை போனது. மீதிக் கதையை அந்த வாசகர்கள் படிக்கப் பல வருடம் காத்திருந்தார்கள்.

படம் 1984 டிசம்பரில் வந்தது. ஹையம்ஸ் நாவலில் இருந்த சீனக் கலத்தை எடுத்துவிட்டு, வேறொன்றைச் சேர்த்தார். பூமியில் இரண்டு வல்லரசும் போருக்குக் கிட்ட வருகின்றன. இரு நாட்டு ஆட்களும் பிரிந்து அவரவர் கலத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வருகிறது. பிரிந்தால் யாருமே உயிரோடு வீடு திரும்ப முடியாது. மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாளிகைக்கு முன்னால் வாங்கில் இருந்து புறாவுக்குத் தீனி போடும் கிழவர் கிளார்க்கேதான்.

தமிழிலும் இந்த ஆசை புதிதல்ல. 1963இலேயே "கலை அரசி"யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகம் போய்விட்டார். எண்பதுகளில் சுஜாதா "என் இனிய இயந்திரா" எழுதினார். ஜீனோ என்ற இயந்திர நாயை வாசகர்கள் விடவில்லை, "மீண்டும் ஜீனோ" வந்தது. "எந்திரன்" படத்துக்கும் எழுதியவர் அவர். படம் 2010 ஒக்டோபரில் வந்தபோது அவர் இல்லை. சுஜாதா 2008 பெப்ரவரி 27இல் காலமானார், கிளார்க் கொழும்பில் அதே வருடம் மார்ச் 19இல். மூன்று வாரம்தான் இடைவெளி. "2.0" 2018இல் வந்தது. ஊரில் உள்ள போன் எல்லாம் கையை விட்டுப் பறந்து போகும் காட்சி அதில் வரும். எமது பெற்றோர் கூட்டத்தில் இருந்த பலருக்கு அது பேய்க் காட்சி அல்ல, துஆ கபூலான காட்சி.

பாத்திரமாக மாறி விளையாடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவில் கைகக்ஸ், ஆர்னஸன் என்ற இருவர் மேசையில் தாளும் தாயக்கட்டையும் வைத்து ஆடும் "டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" விளையாட்டை வெளியிட்டார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ என்ற மாணவர் அதுபோன்ற உலகத்தைக் கணினிக்குள் கட்டினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். படம் கிடையாது, எழுத்து மட்டும். "நீ காட்டுப் பாதையில் நிற்கிறாய்" என்று திரையில் வரும், நீங்கள் எந்தப் பக்கம் போவது என்று எழுத வேண்டும். பிள்ளைகளின் போன் குழுவுக்கு மூத்தப்பா இதுதான்.

ஆனால் அமிர்தகழிக்காரர்களுக்கு இதில் என்ன புதுமை? வடமோடி, தென்மோடி ஆடிய மண் இது. வயலில் வேலை செய்த மனிதருக்கு அண்ணாவியார் சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கில் பழகி, சதங்கை கட்டி, அரங்கேற்ற இரவில் அவர் களரிக்குள் வந்தால் அருச்சுனன்தான். விடிந்து எத்தனையோ வருடமான பிறகும் ஊர் அவரை ஆடிய பாத்திரத்தின் பெயரால் கூப்பிட்ட கதைகளை இங்குள்ள பெரியவர்கள் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் நேரம் வீணாக்கும் வேலை என்று சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது ஒன்றையும் ஒத்துக்கொள்கிறோம். கூத்து நடந்தது ஊரின் கண்முன்னால். போன் குழு பூட்டிய அறைக்குள் நடக்கிறது. பெற்றோரின் பயத்தில் பாதி நியாயம். முன்பின் தெரியாத பெரியவர்கள் பிள்ளை போல நுழைவதும், விடிய ஒரு மணி வரை கண் விழிப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

மற்றப் பாதிப் பயத்தைத்தான் யாரும் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து அந்தப் பொடியனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம், குழுவில் யார் யார் என்று. முதலில் சொல்லவில்லை. கொப்பியை மேசையில் வைத்த பிறகு சொன்னான். பதினொரு பேர். ஐந்து பேர் அமிர்தகழிப் பக்கம், இரண்டு பேர் ஆரையம்பதி, மூன்று பேர் காத்தான்குடி, ஒருவர் ஏறாவூர். கல்லடியில் ஒரு ரியூசன் வகுப்பில் தொடங்கியதாம். இருள்வேந்தன் காத்தான்குடிப் பிள்ளை. நான்கு மாதம் அவனோடு சேர்ந்து கோட்டை பிடித்த பிறகுதான் அவன் முஸ்லிம் என்று மற்றவர்களுக்குத் தெரியுமாம்.

"தெரிஞ்ச பிறகு?" என்று கேட்டோம்.

"ஒண்டுமில்ல சேர். நோன்புக்கு அவன் ஏழு மணிக்குப் பிறகுதான் வருவான். அதால யுத்தத்த எட்டு மணிக்கு மாத்தின."

நாம் தினமும் காலையில் கல்லடிப் பாலம் தாண்டி அமிர்தகழிக்குப் படிப்பிக்க வருகிறோம், பின்னேரம் திரும்பிப் போகிறோம். 1990இல் இரு பக்கத்திலும் என்ன நடந்தது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். எம்மோடு படித்தவர்களில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் இல்லை. ஆசிரியர் கலாசாலைக்குப் போன பிறகுதான் வேறு பெயருள்ள ஒரு நண்பர் கிடைத்தார். அப்போது எமக்கு இருபதைத் தாண்டிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குப் பதினைந்து.

அடுத்த கூட்டத்தில் எமது கையை இறக்கிக்கொள்ளப் போகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இரவு ஒன்பது மணிக்குக் குழு மூட வேண்டும், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெரியவர் உள்ளே இருக்க வேண்டும், பரீட்சை மாதத்தில் நிறுத்த வேண்டும். இவற்றை நாமே முன்வைப்போம். பிள்ளைகளிடம் கேட்டோம், ஒன்பது மணி பற்றி மட்டும் முறைப்பாடு. ஒன்பதரை என்று பேரம் பேசுகிறார்கள். வாப்பாமார், அப்பாமார் கோபப்படுவதென்றால் இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வகுப்புக்கு முன்னால் வைத்தே கொடுத்தோம், பறித்தது அங்கேதானே. பாதுக்கை, கேப்ரோ, டிஸ்கட் கதையெல்லாம் அன்று அரை மணி நேரம் சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லை. சொல்லி முடித்ததும் பின் வாங்கிலிருந்து குரல் வந்தது: "மறுகா என்ன நடந்த சேர்?"

குழுவில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்றதால் எமக்கும் ஒரு பாத்திரம் தந்திருக்கிறார்கள். அரசன், மந்திரி ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தோம். கோட்டை வாசல் காவலாளியாம். ஒன்பது மணிக்குக் கதவு மூடுவது மட்டும்தான் வேலை.